புள்ளி வைத்தவள்

அஸ்தம்பட்டியில் எங்கள் கல்லூரி.
மூன்றாம் ஜன்னல் பகல் வகுப்புக்கு,
நான்காவது தொலைநிலைக்கு.
இரண்டுக்கும் ஆள் நான் ஒருத்தி.
சக்கரம் ஒன்று கழன்ற நாற்காலியைக்
காலால் உந்தி
அங்கும் இங்கும் போய்க்கொள்வேன்.

ஏற்காட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.
இருபது வளைவின் குமட்டல் இன்னும் முகத்தில்,
துப்பட்டா முனையில் முடிந்த பாதி எலுமிச்சை.
தீ. பூவிழி, மஞ்சக்குட்டை.
தகப்பன் தீர்த்தகிரி, மிளகு பறிப்பவர்.
மூன்றில் இயற்பியலுக்குப் பணம் கட்டினாள்.
ரசீதை மடித்து வைத்துக்கொண்டு
நான்கின் வரிசைக்குப் போய்
கடைசி ஆளாக மறுபடி நின்றாள்.
வணிகவியல்.
"எதுக்குமா ரெண்டு?"
"ஒண்ணுதாங்க மேடம் வீட்டுக்குத் தெரியும்."
எது என்று கேட்க
விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.
நானும் கேட்கவில்லை.

ஒரே சமயம் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று
ஆணை வந்து வருஷங்கள் ஆகின்றன.
ஃபைலில் இருக்கிறது, பச்சை மைக் கையெழுத்தோடு.
கணினிக்குத்தான் யாரும் சொல்லவில்லை.
சிவப்பு எழுத்தில் அது மறித்தது:
இவர் ஏற்கெனவே இருக்கிறார்.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன்.
மென்பொருள்காரப் பையன்
எதையோ மென்றபடி சொன்னான்,
"இனிஷியலுக்கு அப்புறம் புள்ளிய எடுத்துடுங்கக்கா.
வேற ஆளாயிடும்."
எடுத்தேன்.
தீ, பெயரில் பற்றிக்கொண்டது.

அசல் மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதானே.
அது மூன்றாம் ஜன்னலில் உள்ளது என
மூன்றிலிருந்து எழுதி முத்திரை வைத்தேன்.
உந்திப் போய்
நான்கில் அதைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்.
என் கையெழுத்து
எனக்கு அடையாளம் தெரிந்தது.

கைபேசி எண் என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.
வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்று.
பின்னால் வரிசை சத்தம் போட்டது.
என் எண்ணைத் தட்டிவிட்டேன்,
அப்போதைக்கு.

அதிலிருந்து எனக்கு வருகிறது.
அன்புள்ள தீ பூவிழி, தங்கள் பாடநூல்கள் அனுப்பப்பட்டன.
அன்புள்ள தீ பூவிழி, தாமதக் கட்டணம் நூறு ரூபாய்.
செவ்வாய்பேட்டைச் சந்தில்
கொலுசுப் பட்டறை ஒன்பது மணிக்கும் தட்டிக்கொண்டிருக்க,
மாவுக் கையோடு
யாருக்கோ வந்த அன்பைத் திறந்து படிப்பேன்.
"யாரு பூவிழி?" என்றார் இவர்.
ஆபீஸ் விஷயம் என்றேன்.

அக்டோபர் கடைசியில் வந்தது தேர்வு அட்டவணை.
நவம்பர் பதினெட்டு, காலை பத்து மணி, நிதிக் கணக்கியல்.
அதே பதினெட்டு, அதே பத்து மணி, ஒளியியல்;
மூன்றாம் ஜன்னல் பலகையில் நானே ஒட்டியது.
இத்தனை ஆயிரம் பெயரில்
இந்த இரண்டு பேர் இடித்துக்கொள்வது
எனக்கு மட்டும் தெரியும்.
தேதி மாற்ற மனுப் போடலாம்.
போட்டால் புள்ளியைச் சொல்ல வேண்டும்.

கூப்பிட்டுச் சொன்னேன்.
அழுவாள் என்று தண்ணீர் பாட்டிலை
அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.
தேதியை எட்டிப் பார்த்தாள்.
"இந்தத் தடவை புள்ளி வெச்சவ எழுதட்டுங்க மேடம்.
மத்தவளுக்கு அரியர் கட்டிக்கலாம்."
தங்கச்சிக்கு அடுத்த தீபாவளிக்கு
எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

பதினெட்டாம் தேதி மழை.
கோரிமேட்டில் பஸ் நின்றுபோய்
பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்க
நனைந்து ஓடி வந்தாள் புள்ளி வைத்தவள்.

மதியம் நான்கின் பதிவேட்டில்
வராதவர் பட்டியல் எழுதினேன்.
பழக்கத்தில்
தீ-யின் பக்கத்தில் பேனா தொட்டுவிட்டது.
வெள்ளை மை தேடி அதை மறைத்து,
ஈரம் காயும்வரை
பதிவேட்டை மூடாமல் வைத்திருந்தேன்.